மேல் லயத்துக்குப் போன புகை

நம் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

காற்று மாசு எப்போது பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பவளிடம்கூட வேலை வாங்கத் தெரிந்த நீங்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட கட்டுரை என்னிடம் இல்லை. நாடு வாரியாக, நூற்றாண்டு வாரியாகப் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்கள். அங்கே தூங்காமல் கேளுங்கள், போதும். என்னிடம் இருப்பது போடி மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்துச் சங்கதி. உலகமெங்கும் புகை நடந்து வந்த பாதையை நான் அந்த ஒரே சரிவில் நின்று பார்த்தேன். அதனால் அதையே சொல்லிவிடுகிறேன்.

அது ஐப்பசி மாதம். மலையில் காய் எடுப்பு, அதாவது ஏலக்காய் பறிப்பு, மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பேச்சியம்மா என்ற தோட்டத் தொழிலாளி தேனியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வேலைக்கு உடுத்துகிற சேலை, கையில் ஒரு துணிப்பை. அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அறை முழுக்க விறகுப் புகை வாடை பரவிவிட்டது.

"மேடம், எம் மக ஈஸ்வரி தலப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வரணும். அதுக்கு நீங்கதான் ஒரு வழி பண்ணணும்" என்றார்.

"அதுக்கு ஆஸ்பத்திரிக்குல்லம்மா போகணும்? இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஆஸ்பத்திரி போடியிலயே இருக்கு மேடம். வீட்டுலதான பொகை இருக்கு!"

விஷயம் இதுதான். ஈஸ்வரியைத் தேவாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் அழைத்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் மகளின் மாமியார் ஒரு நாள் மலைக்கு வந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்குள் கால் வைத்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இந்தப் பொகைக்குள்ள எம் மருமகள விடவே மாட்டேன். பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மருத்துவரும் அதையேதான் சொன்னாராம்.

"பெத்தவ வீட்டுக்குப் புள்ள வரலேன்னா ஊரு என்ன மேடம் சொல்லும்? ஊரு கெடக்கட்டும், எனக்கு மனசு தாங்குமா?" என்று கேட்டார் பேச்சியம்மா. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். மறுநாளே காற்றில் உள்ள புகையை அளவிடும் கருவியைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன்.

தோட்டத்து முதலாளி சுருளிவேல் போடிக்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மூக்கு. ஏலத்தில் அவருடைய காய்க்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நான் ஜீப்பிலிருந்து இறங்கிய உடனேயே சொல்லிவிட்டார். சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே ஸ்டோரைச் சுற்றிக் காட்டினார். ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். ஒரு பக்கம் அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பருத்த தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் ஓடும். அடுக்கடுக்கான தட்டுகளில் பச்சைக் காய் உலரும். புகை மட்டும் குழாயை விட்டு வெளியே வராமல் புகைக்கூண்டு வழியாகப் போய்விட வேண்டும். குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் காயில் புகை வாடை ஏறிவிடும், நிறமும் மங்கிவிடும். பிறகு ஏலத்தில் எவரும் தொட மாட்டார்கள்.

சுருளிவேல் ஒவ்வொரு குழாய் இணைப்பின் அருகிலும் குனிந்து மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். "எங் காய்க்கு ஒரு பொட்டுப் பொகை படாது மேடம். படவே விட மாட்டேன்."

"காய்க்குப் படல, சரி. பேச்சியம்மாவுக்கு?"

"பொகைதான் வெளிய போயிருதே மேடம். அதுக்குத்தான கூண்டு வச்சிருக்கு?"

"வெளியன்னா எங்க?"

அவர் கையை உயர்த்தி வானத்தைக் காட்டினார். வானத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது. அப்படி ஒரு பனிமூட்டம்.

அப்போதுதான் அந்த வேடிக்கையைப் பார்த்தேன். போன பருவம்வரை கூண்டு குட்டையாக இருந்ததாம். புகை அப்படியே ஸ்டோருக்குக் கீழே இருக்கும் கீழ் லயத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கீழ் லயத்து ஆட்கள் சண்டை போட்டார்கள். சுருளிவேல் மனமிரங்கி, போடியிலிருந்து ஆள் கொண்டுவந்து கூண்டை நன்றாக உயர்த்தி, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தார். கீழ் லயத்தில் குலவை போட்டார்கள். பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர்களில் மேல் லயத்துப் பேச்சியம்மாவும் ஒருவர். பருவம் தொடங்கி அடுப்பு மூட்டியபோதுதான் தெரிந்தது, உயர்த்திய கூண்டின் வாய் இப்போது சரியாக மேல் லயத்தின் வாசற்படி மட்டத்துக்கு நிற்கிறது என்று. பனிக் குளிரில் புகை மேலே ஏறாது. விட்ட உயரத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். சமவெளியில் வானம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. மலையில் நாம் வானம் என்று நினைத்துப் புகையை விடுகிற இடத்தில் இன்னொருவர் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பார்.

நீங்கள் கேட்ட வரலாறு இதுதான் பிள்ளைகளே. ஆதி மனிதன் குகைக்குள் தீ மூட்டினான். குளிர் போனது, கண் எரிந்தது, குகைக் கூரையில் கரி அப்பியது. பிறகு குடிசை போட்டுக் கூரையில் ஒரு ஓட்டை வைத்தான். புகை வீட்டை விட்டுத் தெருவுக்குப் போனது. நிலக்கரி வந்தது, ஆலை வந்தது, தெருவே புகையானது. தெருக்காரர்கள் கூச்சல் போட்டதும் கூண்டை உயர்த்தினார்கள். புகை அடுத்த ஊருக்குப் போனது, இன்னும் உயர்த்தியபோது அடுத்த நாட்டுக்குப் போய் அங்கே காட்டிலும் ஏரியிலும் அமில மழையாகப் பெய்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் பொங்கல் கொடுத்திருப்பார், யாரோ குலவை போட்டிருப்பார்கள்.

நம் போடியை எடுத்துக்கொள்ளுங்களேன். முதலில் சமையல்கட்டோடு நின்ற புகைதான். பிறகு பஞ்சு அரவை, நெல் மில், சுற்றிலும் செங்கல் சூளை, மலை ஏறி இறங்கும் ஜீப்பும் லாரியும், ஊர்க்கோடியில் எரியும் பிளாஸ்டிக் குப்பை. ஒவ்வொன்றும் நமக்கு ஒரு சௌகரியத்தைக் கொடுத்துவிட்டுத்தான் புகையை விட்டது. அதனால் புகையை ஏதோ ஓர் அரக்கன் கொண்டுவந்தான் என்று பேசாதீர்கள். நாம்தான் கொண்டுவந்தோம், பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே. சரி, கதைக்கு வருகிறேன்.

நான் வந்த செய்தி தெரிந்ததும் இரண்டு லயமும் ஸ்டோர் வாசலுக்கு வந்துவிட்டது. மேல் லயத்து ஆட்கள், "கூண்ட பழையபடி கொறைங்க" என்றார்கள். கீழ் லயத்திலிருந்து ஒரு பெண், கொண்டையை முடிந்துகொண்டு முன்னால் வந்தார். "கொறைச்சுப் பாருங்க! நாங்க இருமுனப்ப இவுக எங்க போனாகளாம்?" என்றார். அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரி போனில் வந்தார். "புகார் உண்மைதானா? உண்மைன்னா ஸ்டோர அடைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள எனக்கு வேணும்."

எழுதுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் ஸ்டோர் ஓரத்தில் அன்று பறித்த பச்சைக் காய் சாக்குச் சாக்காகக் குவிந்து கிடந்தது. அன்றன்றைக்கு அடுப்பில் ஏற்றாவிட்டால் வெளுத்து அழுகிவிடும். அடுப்பை அடைத்தால் எடுப்பு நிற்கும், எடுப்பு நின்றால் இரண்டு லயத்திலும் உலை கொதிக்காது. பேச்சியம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"ஸ்டோர அடைச்சிரட்டுமாம்மா?"

பதறிவிட்டார். "ஐயய்யோ, அடைச்சிராதீங்க மேடம்! எடுப்பு இல்லாம நாங்க என்ன சோலி பாக்குறது?"

"அப்ப மக வர வேணாமா?"

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டும் வேணும் மேடம்."

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் வேலையே இதுதான். நம்மிடம் வருகிற எல்லாருக்கும் ரெண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்ப நாம் தேவையில்லை, ஒரு பூட்டு போதும். அடைக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விஷம் கக்கும் ஆலை என்றால் யோசிக்காமல் பூட்டுங்கள். நானும் பூட்டியிருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை.

கருவியை மேல் லயத்தில் வைத்து, அது காட்டிய எண்ணைச் சுருளிவேலிடம் காட்டினேன். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த டப்பா பனியையும் பொகைன்னுதான மேடம் எண்ணும்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை என்பதால் இன்னும் கூடுதலாக ஏறியது. அந்த மூட்டத்தில் கருவி கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

என் எண்ணை நம்பாதவர் எதை நம்புவார்? அவர் பேசும்போதுகூட ஒரு காயை உடைத்து மோந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். பதில் அங்கேயே இருந்தது.

"சரி, டப்பா வேணாம். உங்க மூக்கு சொல்லட்டும். நல்லா காஞ்ச காயில ரெண்டு முறம் குடுங்க. ஒண்ணு இன்னைக்கு உங்க பங்களாவுல இருக்கட்டும். இன்னொண்ணு பேச்சியம்மா வீட்டுல இருக்கட்டும். காலையில மோந்து பாருங்க."

அவருக்குச் சவால் பிடித்துவிட்டது. ஆனாலும் விவரமான ஆள். "அவ அடுப்புல பொகை வந்தா அதுக்கும் நான்தான் பழியா?" என்றார். நியாயமான கேள்வி. எனவே அன்று பேச்சியம்மா வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று முடிவானது. அப்படியானால் அவர் சோற்றுக்கு என்ன செய்வார்? சற்று முன் கொண்டை முடிந்துகொண்டு சண்டைக்கு வந்தாரே, அந்தக் கீழ் லயத்துப் பெண்தான், "எங்க வீட்டுல ஆக்கிக் கொண்டாறேன். கருவாட்டுக் கொழம்பு இருக்கு" என்றார். "கருவாடு மட்டும் வேணாம் தாயீ, காய் அந்த வாடையையும் புடிச்சுக்கும்!" என்று சுருளிவேல் அலறினார். முதல் தடவையாக இரண்டு லயமும் சேர்ந்து சிரித்தது.

மறுநாள் காலை இரண்டு முறங்களையும் நானே எடுத்து வந்து, வெள்ளைத் துணி மூடி, ஸ்டோர் வராந்தாவில் வைத்தேன். எது எங்கிருந்து வந்தது என்று எனக்கும் பேச்சியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். வாடை ஏறாமல் போயிருந்தால் சுருளிவேல் எதையும் மாற்றச் சம்மதிக்க மாட்டார், மதியத்துக்குள் அடைக்கச் சொல்லி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. பேச்சியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுருளிவேல் குளித்து, விபூதி பூசி, ஏலத்துக்குப் போகிற தோரணையில் வந்தார். முதல் முறத்தில் ஒரு காயை எடுத்து உடைத்து மோந்தார். மீசை நிமிர்ந்தது. "நம்ம காய்" என்றார். இரண்டாவது முறத்துக்கு வந்தார். உடைத்தார். மூக்கருகே கொண்டுபோனவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பி, காயை வராந்தாவுக்கு வெளியே விட்டெறிந்தார். "சீ, பொகை புடிச்சது! மொதல்ல தூரக் கொட்டுங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

அவர் இன்னொரு காயை எடுத்து, இந்தத் தடவை மெதுவாக மோந்து பார்த்தார். "ஒரு ராத்திரிக்குள்ளயா?" என்றார்.

"நான் சீசன் ஆரம்பிச்சதுலருந்து அங்கனதான் இருக்கேன் மொதலாளி" என்றார் பேச்சியம்மா. கோபமே இல்லாமல்தான் சொன்னார். சுருளிவேல் கையிலிருந்த காயைத் தூர எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மனிதரிடம் அவருடைய ஆதாயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆதாயம் ஆயிரம் வக்கீல் வைத்திருக்கும். அவர் எந்த வேலையில் பொய் சொல்ல மாட்டாரோ அந்த வேலையைக் கொண்டே பேசுங்கள். சுருளிவேல் என்னிடம் ஒன்பது பொய் சொல்லக்கூடியவர்தான், ஆனால் காய் விஷயத்தில் அவர் மூக்கு பொய் சொல்லாது.

"இப்ப என்ன மேடம் பண்ணலாம்? கூண்ட இன்னும் கொஞ்சம் ஒசத்தவா?" என்று அவர் கேட்டபோது நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அதுக்கும் மேல எந்தத் தோட்டம் இருக்கோ, அவுக நாளைக்கு எங்க ஆபீசுக்கு வரவா? பொகைய எங்க தள்ளி விடலாம்னு பாக்காதீங்க. பொகை எதுக்கு இம்புட்டு வருதுன்னு பாப்போம், வாங்க."

அடுப்பு வாய்க்குப் போனோம். நிழல் மரங்களைக் கவாத்துச் செய்து வெட்டிய ஈரக் கட்டைகள் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தன. முனைகளில் தண்ணீர் நுரை கட்டியது. மிச்ச விறகு வெட்டவெளியில் மழையில் நனைந்து கிடந்தது.

"வெறகுக் கொட்டகை இல்லையா?"

"இருக்கு மேடம்" என்றார் சுருளிவேல். ஆனால் காட்டக் கிளம்பவில்லை. எனக்குப் பின்னால் பேச்சியம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். கீழ் லயத்துப் பெண்தான் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே, நல்ல ஓடு வேய்ந்த கூரைக்குக் கீழே, ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல், சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஒரு புது ஜீப் நின்றது.

"வாங்கி இன்னும் நல்லா ஓட்டக்கூட இல்ல மேடம்… மழையில நிப்பாட்ட மனசு வரல" என்றார். அந்த மீசைக்குள் இருந்த வெட்கத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. மற்றவர்களுக்கு அந்தப் பாவமெல்லாம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜீப் வெளியே வந்தது. விறகு உள்ளே போனது. நான் மேலதிகாரிக்குப் போன் போட்டு, அடைக்க வேண்டியதில்லை, சரிசெய்ய அவகாசம் கொடுக்கிறேன், மறுபடி அளந்துவிட்டு எழுதுகிறேன், அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். "பொறுப்பா?" என்று அவர் இழுத்தார். "ஆமாம் சார், பொறுப்புதான்" என்றேன். மலையிலிருந்த விறகு காய்கிறவரைக்கும் போடியிலிருந்து காய்ந்த புளியங்கட்டை லாரியில் ஏறி வந்தது. அடுப்பு வாயை மாற்றியது, விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளப் பழக்கியது எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. புகை அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டிலிருந்து இப்போது நூல் போல மெலிதாகத்தான் வந்தது. மேல் லயத்து வாசலில் நின்றால் கீழே போடி ஊர் தெரிந்தது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பனியில்லாத நேரத்தில் கருவியையும் வைத்து அளந்தேன். டப்பாவும் அதையேதான் சொன்னது.

வளைகாப்பு முடிந்து ஈஸ்வரி மலைக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். மறு அளவீட்டுக்கு வந்ததாக அலுவலகத்தில் எழுதிவிட்டுப் போனேன். உண்மையில் அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் போனேன். சுருளிவேலே தன் ஜீப்பில், குழி குழியாகப் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். கை நிறைய வளையலோடு ஈஸ்வரி இறங்கினாள். பின்னாலேயே அவளுடைய மாமியார், சோதனைக்கு வந்த அதிகாரி போல இறங்கினார்.

மாமியார் வீட்டுக்குள் போனார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். கொடியில் கிடந்த துணியை எடுத்து மோந்து பார்த்தார். நானே இவ்வளவு கறாராகச் சோதித்தது கிடையாது. பேச்சியம்மா அவர் பின்னாலேயே போனார்.

"ஈஸ்வரி, மூச்சு எப்டிம்மா இருக்கு?" என்றார் மாமியார்.

"நல்லா இருக்கு அத்தை. ஒண்ணும் செய்யல."

பேச்சியம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். எனக்கும் கண் கலங்கியது. எத்தனையோ ஆலைகளுக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

மாமியார் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். சரிவிலிருந்து காற்று சிலுசிலுவென்று வந்தது. அதை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "அடேயப்பா! என்னா காத்து மதினி, என்னா காத்து!" என்றார். "தேவாரத்துல தோட்டத்துக்குள்ள யானை வேற எறங்குது. அங்கன பயந்துக்கிட்டு எதுக்குக் கெடக்கணும்? மாட்ட அவரு பாத்துக்கிருவாரு. புள்ள பெறக்குற வரைக்கும் நானும் இங்கனயே இருந்துக்கிர்றேன்." சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்த தன் பெரிய பையை இறக்கச் சொன்னார்.

நான் கிளம்பினேன். பேச்சியம்மா வழியனுப்ப ஜீப்புவரை கூடவே வந்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து, "மதினி, ராத்திரிக்கு என்ன கொழம்பு?" என்று குரல் வந்தது. பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"மேடம், மொதலாளிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஒரு நாலு நாளைக்கு மட்டும் அந்த ஈர வெறகயே போடச் சொல்லி."